லேபர் என்று ஒரு வரி

வண்டி வேகமாகப் போகணும் என்று வருகிறவர்கள் முதலில் சாமான் பேரைத்தான் சொல்கிறார்கள். இறக்குமதி ஏர் ஃபில்டர், பெரிய சைலன்சர், கேம்ஷாஃப்ட். வண்டி பழைய கார்ப்ரேட்டர் ஜென். கையில் இருப்பது 50,000 ரூபாய். நான் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்ரெஷன் பாத்தீங்களா சார்?"

ஜென் 993 சிசி, நாலு சிலிண்டர். நாலிலும் கேஜ் வைக்கணும். ஒன்று மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சாமான் பேச்சை நிறுத்திவிடணும். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கணும். பிரஷர் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கு. ஏறலைன்னா வால்வு, இல்லாட்டி ஹெட் கேஸ்கட். பிரேக்கும் டயரும் சரியில்லாத வண்டிக்கு வேகமே ஏத்தக் கூடாது.

அப்புறம் புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளின் சாமான் கடைகடையாகக் குவிந்து கிடக்கும். ஹெட், மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் பழசு வாங்கலாம். ஹெட் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி ஃபீலர் கேஜ் விட்டால் வளைவு தெரிந்துவிடும். கேஸ்கட், டைமிங் பெல்ட், ரிங், பேரிங், ஆயில் சீல் புதுசுதான். அதில் மிச்சம் பிடித்தால் இன்ஜினே போகும்.

மிச்சமெல்லாம் கை வேலை. நாலு பிஸ்டனையும் தராசில் வைத்து, எடை குறைந்ததுக்குச் சமமாக மற்றதை இழைக்கணும். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருமிடத்தில் படி மாதிரி துருத்தும். கேஸ்கட்டை அச்சாக வைத்துக் கோடு கிழித்து அதை எடுக்கணும். காற்று உள்ளே போகும் வழியைக் கண்ணாடியாக்கக் கூடாது. லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் சுவரில் வழியாமல் காற்றோடு கலக்கும். வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைக்கணும். ஹெட்டைக் கொஞ்சம் சீவினால் கம்ப்ரெஷன் ஏறும். அதிகம் சீவினால் சாதா பெட்ரோலில் இன்ஜின் தட்டும். குறைந்த காசில் கிடைக்கிற பவர் இந்த வேலையில்தான் இருக்கு. பெரிய கேம் போட்டால் மேலே இழுக்கும், ஊருக்குள் இழுவை செத்துப்போகும். சைலன்சர் சத்தம் பவர் இல்லை.

ரேஸ் வண்டி விசயம் நமக்கெதுக்கு என்று தோழர்கள் கேட்கலாம். எங்கப்பா செங்கல்பட்டுப் பக்கம் பறைக்குத் தோல் பதம் பண்ணினவரு. கட்டைவிரலை ஓட்டியே எங்க தடிப்பு, எங்க மெலிசுன்னு சொல்லுவாரு. நானும் போர்ட்டுக்குள்ள விரலை விட்டுத்தான் மேடு பாக்குறேன். இது ரத்தத்துல வந்த திறமைன்னு எவன் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். அது சாதி பேசுற பேச்சு. அவரு செஞ்சு செஞ்சு கத்துக்கிட்டாரு, நானும் அப்படித்தான்.

சாதி உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்பதை அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டினார். அந்த அடுக்கு பில்லிலும் இருக்கு. ஃபில்டர் விலையை யாரும் பேரம் பேசுவதில்லை. பத்து நாள் கை வேலைக்கு 'லேபர்' என்று ஒரே வரி, அதைத்தான் பாதியாக்குகிறார்கள். "தேய்க்கிறதுக்கு இவ்ளோவா?" ஒருத்தர் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" "காலனி." அன்னைக்கு லேபர்ல 3,000 ரூபாய் கொறஞ்சுது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 1990-லிருந்து வண்டிகள் ஓடுது. நான் இன்ஜின் கட்டிக் கொடுத்த வண்டிகளும் அங்கே கோப்பை வாங்கியிருக்கு. அந்தப் போட்டோக்களில் கிரீஸ் கையைக் காணோம்.

இப்போது பில்லை மாற்றிவிட்டேன். போர்ட் இழைப்பு நாலு நாள், எடை சமன் ரெண்டு நாள், வால்வு தேய்ப்பு ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனித் தொகை. பேரம் பேசுறவங்க எந்த வேலை வேண்டாம்னு சொல்லட்டும், அதைச் செய்யாம விட்டுடறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. ஃபில்டரைக் கழட்டி அடுத்த வண்டியில மாட்டிக்கலாம். இழைச்ச போர்ட்டைக் கழட்ட முடியாது. கையில காசு கம்மியா? கூலிக்கு முதல்ல எடுத்து வை. மிச்சத்துல சாமான் வாங்கு.