ஈடு என்னும் சொல்



எங்கள் மஹல்லாவில் எவருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது ஈற்றில் என் கைக்கு வந்து சேரும். பட்டயப் படிப்பின்போது கற்ற அரைகுறை ஆங்கிலம்தான். எனினும் மக்கள் என்னை நம்புகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு சகோதரி தம் மகனோடு மத்ரஸா வாசலில் வந்து நின்றார். அவருடைய கணவர் புறவழிச் சாலையில் லாரி மோதி வஃபாத்தானவர். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பின் நகல் அவர் கையில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘காம்பன்சேஷன்’ என்ற சொல். நஷ்டஈடு என்று பெயர்த்துச் சொன்னேன்.

“எதற்கு ஈடு ஹஜ்ரத்? அவருக்கா?” என்று கேட்டார்.

எனக்கு விடை வரவில்லை. அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். இலத்தீன் மொழியில் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து நிறுப்பதைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்ததாம். தராசின் ஒரு தட்டில் இழப்பு, மறு தட்டில் பணம். வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்குத் தரப்படுவதும் அச்சொல்தான். 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே அது இருந்தது. என் பழைய மாணவர் ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தபோது, அவருடைய பணி ஆணையில் மாதச் சம்பளத்திற்கும் அதே சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள். “நான் எதை இழந்தேன் என்று இதைத் தருகிறார்கள் ஹஜ்ரத்?” என்று அவர் சிரித்தார்.

நம் மார்க்கச் சட்ட நூல்கள் இவற்றைத் தனித்தனியே வைத்துள்ளன. உழைப்புக்கு உஜ்ரத். சேதப்படுத்திய பொருளுக்கு ளமான். நோன்பு நோற்க இயலாத முதியவர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா. தவறுதலாக ஓர் உயிர் பறிபோனால் அதற்கு தியத். நபி (ஸல்) அவர்களின் வீட்டில் துணைவியரில் ஒருவர் கோபத்தில் மற்றொருவருடைய கிண்ணத்தைத் தட்டி உடைத்துவிட்ட நிகழ்ச்சியைப் புகாரியில் காண்கிறோம். நபியவர்கள் சில்லுகளைத் தம் கையாலேயே பொறுக்கினார்கள். பிறகு முழுமையான கிண்ணம் ஒன்றைக் கிண்ணத்துக்குரியவருக்கு அனுப்பிவிட்டு, உடைந்ததை உடைத்தவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கிண்ணத்திற்குக் கிண்ணம். அங்கே ஈடு என்ற சொல் பொருந்துகிறது. மனிதருக்கோ நூறு ஒட்டகங்கள் என்றுதான் வரையறுக்கப்பட்டது. ஒட்டகங்கள் மனிதருக்குச் சமம் என்று எவரும் சொல்லவில்லை. ஈடு இணையற்றவன் என்று இறைவனைப் போற்றும் அதே தமிழ்ச் சொல்லை நாம் ரூபாய்க் கணக்குக்கும் வைத்திருக்கிறோம். நகையை அடகு வைப்பதற்கும் ஈடு வைத்தல் என்றே பெயர்.

சொல்லாராய்ச்சியோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

இறந்தவரின் மூத்த சகோதரர் ஜமாஅத் கூட்டத்தில் ஒரு வாதத்தை வைத்தார். இது இரத்தத்துக்குரிய பணம். எங்கள் சகோதரன் கொலைப்பழிக்கு ஆளாகியிருந்தால் தியத்தை நாங்கள் ஆண்கள்தானே சுமந்திருப்போம். ஆகவே வருவதும் எங்களுக்கே, மனைவிக்கு இதில் பங்கில்லை என்றார். நியாயம் போலத் தோன்றும் வாதம். உமர் (ரளி) அவர்களும் ஒரு காலம் வரை அவ்வாறே கருதியிருந்தார்கள். ளஹ்ஹாக் இப்னு சுஃப்யான் (ரளி) அவர்கள், அஷ்யம் என்பவரின் தியத்திலிருந்து அவருடைய மனைவிக்கு வாரிசுப் பங்கு கொடுக்குமாறு நபியவர்கள் தமக்கு எழுதியனுப்பியதை எடுத்துச் சொன்னதும், கலீஃபாவாக இருந்த உமர் (ரளி) தம் கருத்தைக் கைவிட்டார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி. ஓதும் காலத்தில் நான் மனனம் செய்தது.

அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்தச் சகோதரர் எங்கள் மத்ரஸாவின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். மாதந்தோறும் என் உஜ்ரத்தில் கையெழுத்திடுபவர்.

பணம் அச்சகோதரியின் வங்கிக் கணக்கில்தான் இருந்தது. நீதிமன்றம் அவருக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பிரித்தே கொடுத்திருந்தது. ஆயினும் அவர் அதைத் தொடவில்லை. ஹராமான காசு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்று அஞ்சி, ஜமாஅத்தின் முடிவுக்காகக் காத்திருந்தார். பள்ளிக் கட்டணத்திற்குத் தம் சங்கிலியை அடகு வைத்தார். இது எனக்குத் தெரிய வந்தபோது மூன்று மாதங்கள் கடந்திருந்தன.

அடுத்த கூட்டத்தில் எழுந்து ஹதீஸைச் சொன்னேன். நான் முஃப்தி அல்லன். நீதிமன்றத் தொகை தியத்தின் இடத்தில் வருமா என்பதை ஆலிம்களிடம் எழுதிக் கேட்கலாம். ஆனால் தியத் என்றே வைத்துக்கொண்டாலும் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு. மகன் இருக்கையில் சகோதரர்களுக்கு வாரிசுப் பங்கே இல்லை என்றேன். மூத்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார். நான் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. மறு மாதமும் அவரே கையெழுத்திட்டார்.

அம்மூன்று மாதங்களுக்கான அடகு வட்டி என் மௌனத்தால் நேர்ந்தது. வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்கும் நான் ஒரு விதவையை வட்டி கட்ட வைத்திருக்கிறேன். அத்தொகையை ஓர் உறையிலிட்டு எடுத்துச் சென்றேன். அவர் வாங்கவில்லை.

“மகனுக்குத் தஜ்வீத் சரியாக வரவில்லை ஹஜ்ரத், மஃரிபுக்குப் பின் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

இப்போது அவன் ‘ளாத்’ எழுத்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறான். உறை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.