கோப்பையில் யார் பங்கு எவ்வளவு?

ஜனவரித் தொடக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் வழக்கமான பருவம் முடியும். அப்போது சில அணிகளில் ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியாகும். அடுத்தவரைத் தேட உரிமையாளருக்கு அவகாசம் குறைவு. மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தை திறந்துவிடும். ஏப்ரல் கடைசியில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்துவிடும். அந்த நெருக்கடியில், பதவிக்கு வருபவர்களை எடைபோட்டு உரிமையாளரிடம் கருத்துச் சொல்வது என் தொழில்.

களத்தில் அணியை நடத்துபவர் பயிற்சியாளர். அந்த அணியைச் சேர்த்துக் கொடுப்பவர் ஜெனரல் மேனேஜர். 53 பேர் கொண்ட அணியை, எல்லா அணிகளுக்கும் பொதுவான சம்பள உச்சவரம்புக்குள் அவர் அமைக்க வேண்டும். 2024இல் அந்த வரம்பு 25.54 கோடி டாலர். பணத்தால் பிழையை மூடிவிட முடியாத விளையாட்டு இது. அதனால்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண்ணுக்கு இங்கே இத்தனை மதிப்பு.

சிக்கல் என்னவென்றால், வருகிற எல்லோருடைய தகுதிக் குறிப்பிலும் ஏதோ ஒரு வெற்றி இருக்கும். கல்யாண வீட்டில் சாம்பார் பிரமாதம் என்றால் வாளி தூக்கியவரும் மீசையை முறுக்கிக்கொள்வார். 2017 டிராஃப்டில் கன்சாஸ் சிட்டி அணி 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி, பின்னாளில் நட்சத்திரமான பந்தெறிவாளர் (குவார்ட்டர்பேக்) பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அப்போது ஜெனரல் மேனேஜர் ஜான் டோர்சி. பயிற்சியாளர் ஆண்டி ரீட். மஹோம்ஸை எடுத்தே ஆக வேண்டும் என்று உள்ளிருந்து வற்புறுத்தியவர் பிரெட் வீச். சில வாரங்களிலேயே டோர்சி நீக்கப்பட்டார். வீச் அந்த நாற்காலிக்கு வந்தார். அந்தத் தேர்வு யாருடையது? மூவருக்கும் அதில் பங்குண்டு. எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பதுதான் மதிப்பீட்டாளரின் வேலை.

அதற்கு ஒரே வழி, முடிவு தெரிவதற்கு முன்பு அவர் என்ன சொன்னார் என்று தேடிப் போவது. வீரர்களைத் தேடி எடைபோடும் ஸ்கவுட்டுகளின் அறிக்கைகள் பழைய அணியின் சொத்து. அவற்றைக் கேட்க முடியாது. ஆனால் ஸ்கவுட்டுகள் அணி மாறிக்கொண்டே இருப்பவர்கள். அன்றைக்கு டிராஃப்ட் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று பல அணிகளில் இருப்பார்கள். வருபவரிடம் ஓர் ஆண்டைச் சொல்லி, அந்த டிராஃப்டுக்கு வைத்திருந்த வீரர் வரிசையை நினைவிலிருந்து சொல்லச் சொல்வேன். பிறகு மற்றவர்களின் நினைவோடு ஒப்பிடுவேன். அவருடைய அணி எடுத்த வீரர்களைவிட, எடுக்காமல் விட்ட வீரர்களைப் பற்றி அவர் சொல்வதில்தான் எனக்கு அக்கறை. அங்கே புகழில் பங்கு கேட்க ஒன்றுமில்லை.

ரான் வுல்ஃப் இதற்கு நல்ல உதாரணம். 1991இல் நியூயார்க் ஜெட்ஸில் இருந்தபோது பின்னாளில் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரை எடுக்க விரும்பினார். ஒரே ஓர் இடம் முன்னால் அட்லாண்டா எடுத்துக்கொண்டது. அங்கே முதல் ஆண்டில் ஃபாவ்ர் எறிந்தது நான்கே பந்துகள். ஒன்றும் சொந்த அணியின் கைக்குப் போகவில்லை, இரண்டு எதிரணியிடம் போயின. அந்த ஆண்டு முடிவில் கிரீன் பே அணியின் பொறுப்புக்கு வந்த வுல்ஃப், 1992 பிப்ரவரியில் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றைக் கொடுத்து அதே ஃபாவ்ரை வாங்கினார். ஊர் கைவிட்ட பிறகும் தன் கண் பார்த்ததை நம்பினார். நான் தேடுவது இந்த உறுதியை.

அதே சமயம், கண்ணை மட்டும் நம்பும் ஆளிடம் எனக்கு அச்சமும் உண்டு. பொருளியலாளர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்து, அணிகள் தங்கள் கணிப்பை அளவுக்கு மீறி நம்புகின்றன, முன்னால் தேர்வு செய்யும் உரிமைக்கு அதிக விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். பால்டிமோர் அணியின் ஜெனரல் மேனேஜராக இருந்த ஆஸி நியூசம் செய்தது நேரெதிர். ஒப்பந்தம் முடிந்து போகும் வீரர்களுக்கு ஈடாக லீக் தரும் கூடுதல் தேர்வுகளை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே வந்தார். தன் கணிப்பு தவறலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்பவரே வாய்ப்புகளைப் பெருக்குவார்.

நேர்காணலில் நன்றாகப் பேசுவதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. மேட் மில்லன், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை நான்கு முறை வென்ற ஆட்டக்காரர், தேர்ந்த தொலைக்காட்சி வர்ணனையாளர். அணி நிர்வாகத்தில் அனுபவம் இல்லாமலே 2001இல் டெட்ராய்ட் அணியின் தலைமைக்கு வந்தார். 2008 செப்டம்பரில் நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் டெட்ராய்ட் 16 ஆட்டங்களிலும் தோற்றது. ஆட்டம் தெரிவது ஒன்று. ஸ்கவுட்டுகள், மருத்துவர்கள், ஒப்பந்தக் கணக்கர்கள் எல்லோரையும் ஒரே முடிவை நோக்கி நடத்துவது வேறு. இதற்கு மாறாக, பிலடெல்பியாவின் ஜெனரல் மேனேஜர் ஹவி ரோஸ்மன் சட்டம் படித்தவர். பயிற்சி ஊழியராகச் சேர்ந்து சம்பளக் கணக்கு வழியாக மேலே வந்தவர். 2015இல் அதிகாரம் பறிக்கப்பட்டுத் திரும்பி வந்து இரண்டு சூப்பர் பவுல் வென்றார்.

கணக்குக்கும் ஒரு சோதனை உண்டு. ரசிகர்கள் கொண்டாடும், வயதேறிய ஒரு வீரரின் ஒப்பந்தத்தை முன்னால் வைப்பேன். சம்பளத்தை போனஸாக மாற்றிப் பல ஆண்டுகளுக்குப் பரப்பினால் இந்த ஆண்டுக் கணக்கில் இடம் கிடைக்கும். சுமை பின்னால் வரும். 'செய்வேன்', 'மாட்டேன்' என்ற பதில் முக்கியமில்லை. அந்தச் சுமை விழும் ஆண்டில் அணி எப்படி இருக்கும் என்று தானாகவே பேசத் தொடங்குகிறாரா என்று கவனிப்பேன்.

கடைசியாக, கூட யாரை அழைத்து வருவீர்கள் என்று கேட்பேன். வுல்ஃபிடம் வேலை பழகிய டெட் தாம்சன், ஜான் ஷ்னைடர், ரெஜி மெக்கென்சி, டோர்சி எல்லோரும் பின்னாளில் ஜெனரல் மேனேஜர்களானார்கள். நியூசமின் நாற்காலியில் இன்று இருக்கும் எரிக் டிகோஸ்டா, 1996இல் அங்கே கடைநிலையில் சேர்ந்தவர். டிராஃப்ட் அறையில் தலைவரை மறுத்துப் பேசும் ஆள் இல்லாவிட்டால், தலைவரின் பிழை அப்படியே அணியின் பிழையாகிவிடும். அதனால், தன்னோடு வாதாடக்கூடியவரின் பெயரை முதலில் சொல்பவருக்கு என் அறிக்கையில் எப்போதும் ஒரு படி மேலே இடமுண்டு.