எல்லாம் ஒரே ஃபைல்ல: ஒரு பொட்டி தட்டுபவனின் புலம்பல்

நோட்.ஜேஎஸ்ல எக்ஸ்பிரஸ் வச்சு பொட்டி தட்டுற ஜனங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். மத்தவங்களும் படிக்கலாம், தப்பில்லை :)

எந்த ப்ராஜெக்ட்டும் ஆரம்பத்துல ஒரு ஆப்.ஜேஎஸ், அதுல நாலு ரூட், அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துல அது நாலாயிரம் வரியாயிடும். "பார்க்கவே அசிங்கம், பிரிச்சு வைங்க"ம்பாங்க. அசிங்கம் எனக்குப் பெரிய விஷயமா படலை. வில்லங்கம் வேற இடத்துல இருக்கு.

எக்ஸ்பிரஸ் நாம எழுதின வரிசையிலதான் மேலேர்ந்து கீழ பார்த்துக்கிட்டு வரும். லாகின் ஆகியிருக்காங்களான்னு பார்க்கற மிடில்வேர் 900-வது வரியில இருந்தா, அதுக்கு மேல இருக்கற ஹேண்ட்லர் எதுக்கும் காவல் கிடையாது. ரிக்வெஸ்ட் வந்ததும் ஹேண்ட்லர் பதிலை அனுப்பிடும், காவல்காரர் வரைக்கும் விஷயம் போகவே போகாது.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில (பேர் வேணாமே) சம்பளச் சீட்டு இறக்குற ஹேண்ட்லரை யாரோ அவசரத்துல மேல ஒட்டிட்டாங்க. முகவரியில ஊழியர் எண்ணைப் போட்டா போதும், லாகினே இல்லாம சீட்டு வந்து விழும். கண்டுபிடிச்சது, சேர்ந்து மூணே வாரம் ஆன ஒரு பொண்ணு. "அண்ணா, இது எப்படிண்ணா லாகின் கேக்காமலே வருது?"ன்னு மெதுவா கேட்டாங்க. எத்தனை நாள் அப்படித் திறந்து கிடந்துச்சுன்னு கடைசி வரைக்கும் யாராலயும் சொல்ல முடியலை.

அடுத்த வாரமே பிரிச்சோம். 2014-ல வந்த எக்ஸ்பிரஸ் 4-லேர்ந்து ரவுட்டரைத் தனி ஃபைல்ல வைக்கறது சுலபம். சம்பளம் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு ஃபைல், ரவுட்டரை உண்டாக்கின அடுத்த வரியே காவல். கீழ யார் எதை ஒட்டினாலும் அதுக்குப் பின்னாடிதான் விழும். (லாகின் ஆனவர் அடுத்தவர் எண்ணைப் போட்டா? அதையும் அங்கயே தடுத்தோம்.)

ஆனா சும்மா வெட்டி ஒட்டினா போதாதுங்க. புது ஃபைலுக்கு டேட்டாபேஸ் வேணும்னு அது ஆப்.ஜேஎஸ்ஸை ரிக்வயர் பண்ணும். ஆப்.ஜேஎஸ்ஸோ ஏற்கனவே இதை ரிக்வயர் பண்ணி, பாதியில நின்னுக்கிட்டிருக்கும். நோட் அரைகுறையா நிரம்பின எக்ஸ்போர்ட்ஸைக் கையில குடுக்கும். டேட்டாபேஸ் எங்கன்னு கேட்டா அன்டிஃபைன்ட்! ரவுட்டரை ஒரு ஃபங்க்ஷனுக்குள்ள வச்சு, டேட்டாபேஸை வெளியிலேர்ந்து குடுத்துட்டா இந்தத் தொல்லை இல்லை. டெஸ்ட்டுக்குப் போலி டேட்டாபேஸும் குடுக்கலாம். லிசன் வரியை மட்டும் சர்வர்.ஜேஎஸ்ல தனியா போட்டுட்டா, டெஸ்ட் ஓட்டறப்ப போர்ட்டை வேற யாரோ பிடிச்சிருக்காங்கன்னு கத்தாது.

நாலு ரூட் வச்ச குட்டி ப்ராஜெக்ட்டுக்கு இதெல்லாம் ரொம்ப ஓவர். லாகின் வர்ற அன்னிக்குப் பிரிச்சுக்கலாம்.