குடம் வேணுமா, காடு வேணுமா?

திருப்பூர்ல இருந்து அவினாசி ரோட்டுல பஸ் ஏறி அனுப்பர்பாளையத்துல இறங்கினா, முதல்ல காதுக்குத்தான் வேலை. டங்... டங்... டங்! பித்தளை, செம்பு, எவர்சில்வர்னு வரிசையா பாத்திரப் பட்டறைங்க. கொங்கு பக்கத்துக் கல்யாணங்கள்ல சீர் வரிசையில அடுக்கற குடம், அண்டா, குத்துவிளக்கு ஐட்டங்களுக்கு இந்த ஊர் ரொம்ப ஃபேமஸ். 'திருப்பூர்னா பனியன்தானே பாஸ்?'னு கேக்கறவங்களை இங்கே கூட்டிட்டு வந்து ஒரு அஞ்சு நிமிஷம் நிக்க வைக்கணும்!

ஆனா, இன்னிக்கு நாம போறது பாத்திரம் வாங்கவும் இல்லை, பனியன் வாங்கவும் இல்லை. பண்ணையம் கத்துக்க! அதுவும் குறிப்பா கேர்ள்ஸுக்கு.

சிரிக்காதீங்க. இந்தச் சுத்துவட்டாரம் முழுக்க ஒரு காலத்துல காடும் தோட்டமும்தான். அப்புறம் நொய்யல்ல சாயத் தண்ணி கலந்துச்சு. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்குற இடமா மாறிப்போச்சு. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைகளை மூடின கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவினாசி பக்கமோ தண்ணிக்கே தவம் கிடந்த பூமி. பல தலைமுறையா கேட்டுக்கிட்டே இருந்த அத்திக்கடவு-அவினாசி திட்டம் ஒருவழியா 2024 ஆகஸ்ட்ல தொடங்கி, மூணு மாவட்டத்துல இருக்கற 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணி போக வழி பண்ணியிருக்கு. தண்ணி வந்தா விவசாயம் வரும். அதை யாரு பண்ணுவாங்க?

பதில் உங்க வீட்டுலயே இருக்கு. நம்ம நாட்டுக் கிராமங்கள்ல வேலை பார்க்கற பொண்ணுங்கள்ல கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் விவசாயத்துலதான் இருக்காங்க. ஆனா, 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் புரட்டினா, நூறு பண்ணைகள்ல பொம்பளைங்க பொறுப்புல நடக்கறது வெறும் பதினாலு! களை எடுக்கறது அம்மா, நாத்து நடறது அம்மா, மாட்டைப் பார்க்கறது அம்மா... 'விவசாயி'ங்கற பட்டம் மட்டும் அப்பாவுக்கு. நல்லா இருக்கே நியாயம்!

சரி, பஸ்ஸைப் பிடிங்க. திருப்பூர் வந்து, பல்லடம் போய், அங்கிருந்து காங்கேயம் ரோடு. கோழிப் பண்ணை, காத்தாலைனு பார்த்துக்கிட்டே போனா பொங்கலூர். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஏரியா. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இங்கேதான் இருக்கு. 'கேவிகே'ன்னு சொன்னா சட்டுனு புரியும். இந்தியாவுலேயே முதல் கேவிகே 1974-ல இதே பல்கலைக்கழகத்தோட பொறுப்புலதான் புதுச்சேரியில ஆரம்பிச்சாங்க. இப்ப நாடு முழுக்க எழுநூறுக்கும் மேல! விதை நேர்த்தி, காளான், நாற்றங்கால், தேனீ, மதிப்புக்கூட்டல்னு சின்னச் சின்னப் பயிற்சி கொடுக்கறதுதான் இவங்க வேலை.

கையில நிலமே இல்லையா? காளானுக்கு அது தேவையே இல்லை. ஒரு கூரைக் கொட்டகை, வைக்கோல், காளான் விதை போதும். வைக்கோலை நறுக்கி, ஊற வெச்சு, வேக வெச்சு, ஈரம் வடிச்சு, பாலிதீன் பைக்குள்ள ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு விதைன்னு நிரப்பித் தொங்கவிடணும். ரெண்டு மூணு வாரத்துல பை முழுக்க வெள்ளையாப் பூத்துரும். அப்புறம் மொட்டு, அறுவடை. ஒரு சுற்று முடிய நாப்பது நாள் சொச்சம். உங்க செமஸ்டரைவிட வேகம்! கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல இந்தப் பயிற்சி ரொம்ப வருஷமா நடந்துட்டு வருது.

'பொண்ணுங்களுக்குத் தனியா எதுக்குப் பயிற்சி?'ன்னு கேக்கற ஆளுங்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக். 1986-ல டென்மார்க் அரசோட 'டேனிடா' உதவியில தமிழ்நாட்டுல 'தான்வா' திட்டம் வந்துச்சு. விவசாய ஆபீஸருங்க ஊருக்கு வந்தா ஆம்பளைங்ககிட்ட மட்டும் பேசிட்டுப் போன காலம் அது. தான்வாவுல பெண் வேளாண் அதிகாரிங்களே ஊருக்குள்ள வந்து சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குக் கத்துக் கொடுத்தாங்க. கத்துக்கிட்டவங்க பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கணும், அதான் டீல்!

பெரிய ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லைங்க. உதாரணத்துக்கு நெல் விதை தேர்வு: தண்ணியில ஒரு முட்டையைப் போட்டு, அது மிதந்து நாலணா அளவு வெளியே தெரியற வரைக்கும் உப்பைக் கரைக்கணும். அதுல விதையைக் கொட்டினா பதர் மேல மிதக்கும். அதை அள்ளி வீசிட்டு, அடியில நிக்கறதை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி எடுத்துக்கணும். பைசா செலவில்லாத டெக்னிக். 2003-ல தான்வா முடிஞ்சுபோச்சு. முட்டையும் உப்பும் இன்னும் வேலை செய்யுது.

பயிற்சி சர்ட்டிஃபிகேட் வாங்கியாச்சு, அடுத்து பயிர்க்கடன் வேணும்னு சொசைட்டிக்குப் போனா முதல் கேள்வி, 'சிட்டா, அடங்கல் யார் பேர்ல இருக்குதுங்க அம்மணி?' அங்கேதான் பல பேர் வண்டி பஞ்சர் ஆகுது. இத்தனைக்கும் 1989-லேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, அப்பக் கல்யாணமாகாத இந்துக் குடும்பப் பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சொல்லிருச்சு. 2005-ல நாடு முழுக்க வந்துச்சு. சட்டம் இப்படி இருக்க, வீட்டுல என்ன சொல்றாங்க? 'அதான் சீர் செஞ்சாச்சே!' அனுப்பர்பாளையத்துப் பட்டறையில பளபளன்னு அடுக்கி வெச்ச அந்தக் குடங்களைப் பார்க்கறப்போ எனக்கு இதான் ஞாபகம் வருது. குடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா, காட்டுக்கு ஈடாகுமா?

மேட்டுப்பாளையம் பக்கத்துல தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைத் தெரியுமில்ல? மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்திச் சேர்த்த காசுல சொந்தமா நிலம் வாங்கினவங்க. வேளாண் பல்கலைக்கழகத்து நிகழ்ச்சிகளுக்குப் போய்க் கத்துக்கிட்டாங்க. நூறு வயசு தாண்டியும் தோட்டத்துல இறங்கி இயற்கை விவசாயம் பார்த்தாங்க. 2021-ல பத்மஸ்ரீ! 2024 செப்டம்பர்ல மறைஞ்சாங்க.

2026-ஐ உலக மகளிர் விவசாயி ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சிருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, தமிழ்நாடு அரசோட இணையதளத்துல உங்க தோட்டத்து சர்வே நம்பரைப் போட்டுப் பட்டாவைப் பாருங்க. யார் யார் பேர் இருக்குன்னு படிச்சுக் காட்டுங்க, அம்மாவுக்கும் கேக்கற மாதிரி சத்தமா!