குருவியின் கண்ணீரளவு

பெரிய இழப்பைச் சந்தித்த ஓர் ஊரில் மறுபடியும் சிரிப்பதற்கு ஒரு காலம் உண்டா? அந்தக் காலம் வந்துவிட்டது என்று யார் தீர்மானிப்பது? யப்பானின் ஒரு பேஸ்போல் அணியைப் பற்றி அறிந்துகொண்ட நாளிலிருந்து இந்தக் கேள்வி என் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. விளையாட்டுச் செய்திகளில் எனக்கு அவ்வளவு நாட்டம் கிடையாது. ஆனால் இது விளையாட்டோடு முடிந்துவிடும் கதையல்ல. அதனால் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேஸ்போல் என்றதும் நமக்குத் தெரியாத ஆட்டம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பாடசாலையில் எல்லே விளையாடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் பந்தை வீசுவார், மற்றவர் தடியால் அடித்துவிட்டு ஓடுவார். மூன்று தளங்களைத் தொட்டுக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். யப்பானியருக்கு இந்த ஆட்டத்தில் நம்மவர்களுக்குக் கிரிக்கெட்டில் உள்ள அளவு பைத்தியம். அங்கே பன்னிரண்டு தொழில்முறை அணிகள் உண்டு. அவை ஆறு ஆறாகப் பிரிந்து சென்ட்ரல் லீக், பசிபிக் லீக் என்ற இரண்டு பிரிவுகளில் விளையாடுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் வெல்லும் அணிகள் வருட முடிவில் யப்பான் தொடர் என்ற இறுதித் தொடரில் மோதும். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவர் சம்பியன்.

யப்பானின் வடகிழக்குப் பகுதிக்குத் தொஹோகு என்று பெயர். குளிர் கூடிய, மீன்பிடியும் வயலும் நிறைந்த பிரதேசம். அங்குள்ள பெரிய நகரமான செண்டாயில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அணி புதிதாக உருவாக்கப்பட்டது. ரகுட்டென் கோல்டன் ஈகிள்ஸ் என்பது அதன் பெயர். வேறு இரண்டு அணிகள் ஒன்றாக்கப்பட்டபோது அங்கே இடம் கிடைக்காமல் மிஞ்சிய வீரர்களே இதில் பலராக இருந்தார்கள். 2005இல் விளையாடிய முதலாவது வருடத்தில் 97 ஆட்டங்களில் தோற்றார்கள், வென்றது 38 மட்டுமே. தமது இரண்டாவது ஆட்டத்திலேயே 26க்கு 0 என்று தோற்றவர்கள் இவர்கள். ஆனாலும் அவர்களை அந்தப் பகுதி மக்கள் தங்கள் பிள்ளைகளைப் போல ஏற்றுக்கொண்டார்கள்.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2.46க்குத் தொஹோகுக் கடலில் பூமி அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து கடல் எழுந்து வந்தது. 2004 மார்கழியில் நம் கரையோரங்களில் என்ன நடந்தது என்பதை அறிந்த நமக்கு அதை விபரிக்கத் தேவையில்லை. அங்கே ஏறக்குறைய 15,900 பேர் இறந்தார்கள். காணாமற் போனவர்கள் 2,500க்கும் மேல். இஷினோமாகி என்ற ஊரில் ஆற்றங்கரையில் இருந்த ஒரு பாடசாலையில் மட்டும் 74 பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. காணாமற் போனவர் என்ற சொல்லின் பாரம் நமக்குத் தெரியும். இறந்தார் என்றும் அழ முடியாது, இருக்கிறார் என்றும் ஆற முடியாது.

அந்த நேரத்தில் ஈகிள்ஸ் அணி செண்டாயில் இருக்கவில்லை. நாட்டின் மேற்குப் பகுதியில் பயிற்சி ஆட்டம் ஒன்றில் இருந்தது. வீரர்களின் குடும்பங்கள் செண்டாயில், அவர்கள் தூரத்தில். ஊருக்குத் திரும்பிப் போக அவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவர்களிடமும் நாட்டிலும் ஒரே கேள்வியே எழுந்தது. இவ்வளவு பேர் செத்துக் கிடக்கும்போது, மின்சாரமும் இல்லாத வேளையில், பந்தடித்து விளையாடுவது சரியா? கடைசியில், மார்ச் 25இல் தொடங்க வேண்டிய போட்டிகள் ஏப்ரல் 12க்குத் தள்ளி வைக்கப்பட்டன.

இடையில் வீரர்கள் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த இடங்களுக்குச் சென்றார்கள். தாங்கள் என்ன சொல்லி ஆறுதல் கூற முடியும் என்ற தயக்கத்தோடு போனவர்களை அங்கிருந்த மக்களே வரவேற்று உற்சாகப்படுத்தினார்கள். கொடுக்கப் போனவர்கள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். முகாம் வாழ்க்கையைக் கண்ட நமக்கு இது புதிதல்ல. பார்க்க வந்தவருக்கு இருக்கிற தேயிலையில் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்த கைகள்தானே நம்முடையவை.

முதலாவது ஆட்டத்தில் ஈகிள்ஸ் வென்றது. வெற்றிக்கான அடியை அடித்தவர் வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த மொட்டோஹிரோ ஷிமா. ஏப்ரல் 29இல், திருத்தப்பட்ட செண்டாய் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தையும் வென்றார்கள். கதை என்றால் அந்த வருடமே அவர்கள் சம்பியனாகியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது அதுவல்ல. அந்த வருடம் ஆறு அணிகளில் ஐந்தாம் இடம். அடுத்த வருடம் நான்காம் இடம். துயரப்பட்டோம் என்பதற்காக யாரும் விட்டுக்கொடுத்து விடுவதில்லை. ஊருக்காக வெல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த இரண்டு வருடங்கள்தான் கதையில் முக்கியமாகப் படுகின்றன. வீட்டுத் திட்டத்துக்கு மூன்று தரம் விண்ணப்பித்து மூன்று தரமும் பெயர் வராத பெண்ணுக்கும், கோழி வளர்ப்பில் நோய் வந்து எல்லாம் போய் மறுபடி பத்துக் குஞ்சோடு தொடங்கிய பெண்ணுக்கும் இந்த இரண்டு வருடங்கள் விளங்கும்.

2013இல் நிலைமை மாறியது. மசாஹிரோ தனகா என்ற இருபத்துநான்கு வயதுப் பந்துவீச்சாளர் அந்தப் பருவத்தில் 24 ஆட்டங்களை வென்றுகொடுத்தார். ஒன்றிலாவது தோற்கவில்லை. அப்படி ஒரு சாதனையை யப்பானில் அதற்கு முன் எவரும் செய்ததில்லை. தகாஹிரோ நொரிமொட்டோ என்ற புதிய இளைஞர் 15 ஆட்டங்களை வென்றார். அமெரிக்காவிலிருந்து வந்த அன்ட்ரூ ஜோன்சும் கேசி மக்கீயும் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார்கள். 144 ஆட்டங்களில் 82 வெற்றி. செப்டெம்பர் 26ஆம் திகதி பசிபிக் லீக்கில் முதலிடம் உறுதியானது. அணி பிறந்து ஒன்பதாவது வருடத்தில் கிடைத்த முதல் முதலிடம் அது. ஒக்டோபரில் சிபா லொட்டே மரீன்ஸ் அணியையும் வென்று யப்பான் தொடருக்குள் நுழைந்தார்கள். 2005இல் 26க்கு 0 என்று அவர்களைத் தோற்கடித்த அணியும் அதே லொட்டேதான்.

இறுதித் தொடரில் எதிரே நின்றது டோக்கியோவின் யொமியூரி ஜயன்ற்ஸ். யப்பானின் மிகப் பழைய, மிகப் பெரிய, அதிக தடவை சம்பியனான அணி. முதல் ஆட்டத்தில் ஈகிள்ஸ் தோற்றது. இரண்டாவதில் தனகா வென்றார். மூன்றாவது வெற்றி, நான்காவது தோல்வி, ஐந்தாவது வெற்றி. இன்னும் ஒன்று வென்றால் போதும். நவம்பர் 2இல் செண்டாயில் ஆறாவது ஆட்டம். பந்து வீசியவர் தனகா. அவர் தோற்கவே மாட்டார் என்று ஊரே நம்பியிருந்தது. அன்றுதான் அவர் தோற்றார். 160 பந்துகளை வீசி, கடைசி வரை நின்று, 4க்கு 2 என்று தோற்றார். அந்த வருடத்தில் அவருக்கு அது முதலாவது தோல்வி.

மறுநாள் நவம்பர் 3, கடைசி ஆட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. மனாபு மிமா என்ற வீரர் ஆறு இன்னிங்ஸ் வீசினார், நொரிமொட்டோ இரண்டு வீசினார். ஜயன்ற்ஸ் ஓர் ஓட்டத்தையும் பெறவில்லை. ஈகிள்ஸ் 3க்கு 0 என்று முன்னுக்கு நின்றது. மிஞ்சியது ஓர் இன்னிங்ஸ். அப்போது முதல் நாள் 160 பந்து வீசிய அதே தனகா மைதானத்துக்குள் நடந்து வந்தார். மழையில் நனைந்தபடி நின்ற மக்கள் அவர் வரும்போது ஒலிக்கும் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். இரண்டு பேர் அவருடைய பந்தை அடித்துத் தளங்களில் நின்றார்கள். ஆனால் கடைசி ஆளை அவர் ஆட்டமிழக்கச் செய்தார். ஈகிள்ஸ் சம்பியன்.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால் என்னைத் தொட்டது அதன் பிறகு நடந்த ஒன்று. அணியின் முகாமையாளர் செனிச்சி ஹொஷினோ 2011இல்தான் அந்தப் பொறுப்பை ஏற்றவர். அதற்கு முன் வேறு அணிகளை மூன்று தடவை இறுதித் தொடருக்குக் கொண்டுவந்து மூன்று தடவையும் தோற்றவர். முதல் தடவையாக வென்ற அந்த மனிதர், நாங்கள் உங்கள் துயரைத் துடைத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. கஷ்டப்படுகிற மக்களுக்கு இது மிகச் சிறிய மகிழ்ச்சிதான், குருவியின் கண்ணீரளவாவது ஆறுதல் கொடுக்க வேண்டும் என்றே மூன்று வருடமும் போராடினோம் என்ற கருத்தில் பேசினார். யப்பானியர் மிக மிகச் சொற்பமான ஒன்றைக் குருவியின் கண்ணீர் என்பார்களாம்.

அவர் சொன்னது உண்மை. அந்த நவம்பரிலும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த வீடு திரும்பாமலே இருந்தார்கள். கிண்ணம் வந்ததால் எவருடைய வீடும் எழும்பவில்லை. காணாமற் போனவர் எவரும் திரும்பி வரவில்லை. தனகா அடுத்த வருடமே அமெரிக்காவின் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்குப் போனார். ஈகிள்ஸ் 2014இல் கடைசி இடத்துக்கு விழுந்தது. 2018இல் ஹொஷினோவும் காலமானார்.

இதை நான் நமது பெண்கள் குழு ஒன்றில் சொன்னபோது ஓர் அக்கா கேட்டார், “பிள்ளை, பந்தடிச்சு வென்றால் போனது வருமோ?” வராது அக்கா. அதை வென்றவரே ஒத்துக்கொண்டார். ஆனால் பக்கத்தில் இருந்த இன்னொருவர் சொன்னதும் என் மனதில் நிற்கிறது. “வராதுதான். ஆனால் அண்டைக்கு இரவு அந்தச் சனம் சிரிச்சுதே. அதை யாரும் பிழையெண்டு சொல்லேல்லையே.”

நம்மிடையே அப்படியா? கணவனை இழந்தவள் கோயில் திருவிழாவுக்கு நல்ல சேலை உடுத்திப் போனால் கதை. மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் கலியாண வீட்டில் பகிடிக்குச் சிரித்தால் கதை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் தன் மகள் ஓடும்போது எழுந்து நின்று கத்திக் கூப்பிட்டால், “கவலையில்லாத மனுசி” என்று ஒரு பேச்சு. அடுத்தவர் பேசுவது ஒருபுறம். சிரித்த இரவில் நித்திரை வராமல் நாமே நம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்வது இன்னொரு புறம். சிரித்துவிட்டால் இறந்தவரை மறந்துவிட்டோமோ என்ற பயம்.

செண்டாயில் மழையில் நின்று பாடிய சனக்கூட்டத்திலும் பிள்ளையை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் மறந்துவிட்டா பாடினார்கள்? நினைவும் மகிழ்ச்சியும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். ஒன்று வந்தால் மற்றது வெளியேற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்ன மகிழ்ச்சியைக் கொடுத்துவிட்டு, இனி நீங்கள் எதுவும் கேட்கக்கூடாது என்பவர்களும் உண்டு. ஒரு விழா, ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு தையல் இயந்திரம் தந்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஹொஷினோ அப்படிச் செய்யவில்லை. தான் கொடுத்தது எவ்வளவு சிறியது என்பதை அவர் அறிந்திருந்தார். நாமும் அறிந்திருப்போம். குருவியின் கண்ணீரைக் கடல் என்று எவராவது சொன்னால் ஏற்க வேண்டாம். வீட்டையும் காணியையும் பிள்ளை எங்கே என்ற பதிலையும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆனால் அந்தத் துளி நம்மிடம் வரும்போது அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். உங்கள் மகள் எல்லேயில் அடித்துவிட்டு ஓடினால் எழுந்து நின்று கத்துங்கள். பேசுகிறவர்கள் பேசட்டும். அவள் மூன்று தளத்தையும் தொட்டுத் திரும்பி வரும்போது உங்கள் முகத்தைத்தான் முதலில் தேடுவாள்.