தாழ்ந்த குரல்

வாப்பாவின் இசைத்தட்டுகளை அவர் மவுத்தாகி வெகுகாலத்தின் பின்னரே எடுத்தேன். ஊசி உடைந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த 'மூவிங் கொயில்' காட்ரிட்ஜைப் பொருத்தினேன். நாகூர் ஹனீபாவின் கம்பீரக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. சத்தத்தைக் கூட்ட, இரைச்சலும் கூடியது. தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று முடிவுகட்டி, பழைய சாமான்காரருக்குக் கொடுக்கவிருந்தேன்.

வானொலி திருத்தும் நானா சிரித்தார். பழைய 'மூவிங் மெக்னட்' சுமார் 5 மில்லிவோல்ட் தரும். 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்கினால் போதும். இது தருவதோ அரை மில்லிவோல்ட். 60 டெசிபல், ஆயிரம் மடங்கு வேண்டும். முன்பெருக்கியின் பின்னாலிருந்த சிறு ஆளியை அவர் மாற்றியதும் குரல் வீட்டை நிறைத்தது.

கடைசி நாட்களில் வாப்பாவும் மெல்லத்தான் பேசினார். அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.