தோல் வரை போகிற சீப்பு

மாடிப்படி ஏறும்போதே காதில் விழுவது குரைப்பு அல்ல, டிரையரின் இரைச்சல். வீட்டில் தலைமுடி உலர்த்தும் கைக்கருவி அல்ல இது. தரையில் உட்கார்ந்திருக்கும் கனத்த மோட்டார். அதிலிருந்து நீளும் குழாய், சூட்டைவிட வேகத்தை நம்பி வேலை செய்கிறது. முடியிலிருக்கும் தண்ணீரை அடித்து வெளியே தள்ளுகிறது. குழாயைப் பிடித்திருந்த இளைஞர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். மேசைமேல் நின்ற வெள்ளைப் பூடிலின் காதுகளையும் மூடி மெல்லிய துணியால் ஒரு பட்டி கட்டியிருந்தார்கள்.

அண்ணா நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது இந்த நாய் முடிதிருத்தகம். இரண்டு மேசை, ஒரு குளியல் தொட்டி, சுவரில் வரிசையாகத் தொங்கும் கத்தரிகள். வேலை செய்பவர்கள் மூன்று பேர். பொறுப்பில் இருப்பவர் வியாசர்பாடிக்காரர், நாற்பதை ஒட்டிய வயது. எல்லோருக்கும் அக்கா, நானும் அப்படியே கூப்பிட்டேன். முன்பு பெண்கள் அழகு நிலையம் ஒன்றில் புருவம் திருத்திக்கொண்டிருந்தவர். "அங்க வர்றவங்க வாயத் திறந்து வலிக்குதும்பாங்க. இதுங்க சொல்லாது. நாமதான் பாத்துக்கணும்" என்றார். டிரையர் பிடித்திருந்தவர் மணிப்பூரிலிருந்து வந்தவர், சென்னைத் தமிழை அக்காவிடமே கற்றுக்கொண்டவர். மூன்றாவது ஆள் தொட்டிக்குப் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே முதலில் கத்தரி தருவதில்லை. பல மாதம் குளிப்பாட்டவும் உலர்த்தவும்தான்.

பூடிலின் முடி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இவர்களுடைய வேலை புரியும். நம்மூர் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு முடி குட்டை, தோலோடு ஒட்டிக் கிடக்கும், வயதானது தானே உதிரும். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். பூடிலின் முடி நம் தலைமுடியைப் போல வளர்ந்துகொண்டே போகும். அதோடு இறுக்கமான சுருள் வேறு. உதிர்கிற முடி தரைக்கு வருவதில்லை, பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொள்கிறது. 2009இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, நாயினங்களின் முடி வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்களால் விளக்கிவிடலாம் என்று காட்டியது: நீளத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று, மீசை தாடிக்கு ஒன்று. குட்டி விற்பவர்கள் இதில் பாதியை மட்டும் சொல்வார்கள். "முடி கொட்டாது சார், வீடு சுத்தமா இருக்கும்." கொட்டாத முடி எங்கே போகிறது என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை.

நான் போன அன்று அதற்கான பதில் பிஸ்கட் என்ற பெயரில் வந்தது. ஒரு வயதை எட்டிக்கொண்டிருந்த டாய் பூடில், வெளிர் ஆரஞ்சு நிறம். முகப்பேரில் இருக்கும் ஒரு மென்பொருள்காரர் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். பார்க்க உருண்டையாக, பஞ்சுப்பொதியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

"தினமும் சீவுறீங்களா சார்?"

"தினமும் பிரஷ் பண்றேனே மேடம்."

"தெரியுது. மேல நல்லாத்தான் இருக்கு."

அக்கா ஒரு எஃகுச் சீப்பை எடுத்தார். பாதிவரை பல் அகலமாக, மீதி நெருக்கமாக இருக்கும் சீப்பு. கடையில் எல்லா வாக்குவாதத்தையும் தீர்த்து வைப்பது இதுதான். தோளில் அகலப் பல்லை நுழைத்தார். விரற்கடை அளவு இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் காட்டினார். மேலே பஞ்சு, அடியில், தோலை ஒட்டி, கம்பளித் துணி நெய்ததுபோல் ஓர் அடுக்கு. உரிமையாளர் பொய் சொல்லவில்லை. தினமும்தான் பிரஷ் போட்டிருக்கிறார், மேற்பரப்பில். சிக்கு விழுவது சீவாதவர்களின் நாய்க்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சீவுகிறவர்களின் நாய்களே நிறைய வருகின்றன என்றார் அக்கா. அவர்களுக்குத்தான் அதிர்ச்சியும் அதிகமாம்.

வயதும் ஒரு காரணம். ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வருகிறது. இரண்டும் கலந்து கிடக்கும் அந்தக் காலத்தில், நேற்று சீவிய இடத்தில் இன்று முடிச்சு இருக்கும். அதுவரை வாரம் இரண்டு முறை சீவிப் பழகியவர், அதே பழக்கத்தில் போகிறார். முடி அவருக்காகக் காத்திருப்பதில்லை. எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று அக்கா பிஸ்கட்டின் உடம்பிலேயே தொட்டுக் காட்டினார். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், தொடை இடுக்கு, வால் அடி, விரல் இடுக்கு. உரசல் இருக்கிற இடம், ஈரம் தங்குகிற இடம். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸை வீட்டிலும் கழற்றாமல் விட்டால் அது போகிற வழியெல்லாம் சிக்கு. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் வரும் நாய்களை அக்காவுக்குத் தொட்டாலே தெரியுமாம். உப்பும் மணலும் முடியின் அடியில் சரசரக்கும்.

முறையாகச் சீவுவது எப்படி என்பதை அடுத்த மேசைக்கு வந்த இன்னொரு பூடிலில் பார்த்தேன். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வயிற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்தால் ஒரு வகிடு தெரியும், வகிட்டில் தோல் தெரிய வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் ஸ்லிக்கர் பிரஷால், அதாவது வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த பிரஷால், வேரிலிருந்து நுனிக்கு இழுக்கிறார்கள். பிறகு அதற்கு மேலே அடுத்த வகிடு. வயிற்றிலிருந்து முதுகுத்தண்டுவரை, வரி வரியாக. அழுத்தினால் கம்பி தோலைக் கீறிச் சிவக்க வைத்துவிடும், அதனால் புதியவர்கள் முதலில் தங்கள் முழங்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்த்துக் கை எடையைப் பழகுகிறார்கள். முடிச்சு தட்டுப்பட்டால் அதன் அடியில் முடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்க வேண்டும்; இழுவை விரலில் நிற்கும், தோலுக்குப் போகாது. ஒரு பக்கம் முடிந்ததும் சீப்பு. அகலப் பல், பிறகு நெருக்கப் பல். எங்கும் தடுக்காமல் போனால்தான் தொட்டி.

இந்த வரிசை மாறக் கூடாது என்பதில் அக்கா கறார். சிக்கோடு இருக்கிற நாயைக் குளிப்பாட்டினால் சிக்கு கரையும் என்று வீட்டில் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. நனைந்து, தேய்ந்து, காயும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஆட்டு ரோமத்தை நனைத்துத் தேய்த்து நமுதா என்ற கெட்டிக் கம்பளித் துணி செய்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். "கயித்து முடிச்ச நனைச்சு வெயில்ல போட்டா என்னாகும்? அதான்" என்று முடித்துவிட்டார். துண்டால் தேய்ப்பதற்கும் இங்கே தடை. ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் முடி சுருண்டு சுருண்டு உள்ளேயே பின்னிக்கொள்ளும். அதனால்தான் அந்த டிரையர். முக்கால் ஈரம் போனதும் வேறொரு மெதுவான டிரையரை நிறுத்தி, காற்று விழுகிற அதே இடத்தில் பிரஷ் போட்டுச் சுருளை நீட்டியபடியே உலர்த்துகிறார்கள். வாடிக்கையாளர் கத்தரி வெட்டைத்தான் பார்த்துப் பாராட்டுகிறார். நேராக நிமிராத முடியில் எந்தக் கத்தரியும் சமமாக வெட்டாது என்பது தொட்டிப் பையனுக்குக்கூடத் தெரியும்.

பிஸ்கட் விஷயத்தில் முடிவு சொல்ல அக்கா நேரம் எடுத்துக்கொண்டார். முடிச்சு இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் சோளமாவு தூவியோ, வழுக்குத் திரவம் தெளித்தோ அவிழ்த்துவிடலாம். உடம்பு முழுக்க ஒரே அடுக்காகப் பிடித்துவிட்டால் அவிழ்ப்பது மணிக்கணக்கில் சித்திரவதை. "முடி வளரும் சார். பயம் புடிச்சிடுச்சுன்னா அடுத்த தடவ மேசையில நிக்காது." சிரைத்துவிடலாம் என்பதை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னார். உரிமையாளரின் முகம் சுருங்கியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். சிக்கின் அடியில் ஏற்கெனவே புண்ணோ உண்ணியோ இருக்கலாம், சிரைத்தபின் தோல் சிவக்கலாம் என்று எழுதிய ஒரு தாள். அந்தத் தாள் இல்லாமல் ஒரு காலத்தில் வேலை செய்து, ஏற்கெனவே இருந்த புண்ணுக்கெல்லாம் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள்.

கத்தரியை அக்கா பக்கத்திலேயே வைக்கவில்லை. சிக்கு தோலைக் கூடாரமாக மேலே இழுத்து வைத்திருக்கும். எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கத்தரியால் முடிச்சை வெட்டப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வரும் நாய்கள் அப்படித்தான். கிளிப்பரில் பத்தாம் நம்பர் பிளேடு மாட்டினார். நம்பர் ஏற ஏற முடி குறையும். பத்து, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு வெட்டும். ஏழாம் நம்பர் அதைப்போல் இரண்டு மடங்கு விடும், ஆனால் பல் இடைவெளி அதிகம், சுருங்கிய தோல் அதற்குள் சிக்கும். தோலை ஒரு கையால் விரித்து, பிளேடைப் படுக்கையாக வைத்து, சிக்குக்கும் தோலுக்கும் நடுவே நகர்த்தினார். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடைத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தார்; சுட்டால் வேறு பிளேடு. முதுகிலிருந்து சிக்கு ஒரே துண்டாக, விரிப்பாகக் கழன்று வந்தது. தூக்கி நிறுத்தினால் நிற்கும் அளவுக்குக் கெட்டி. காது மட்டும் கடைசி. நாள்கணக்கில் இறுகிக் கிடந்த காதில் திடீரென்று ரத்த ஓட்டம் திரும்பும், நாய் தலையை உதறு உதறென்று உதறும், உள்ளே ரத்தம் கட்டி வீங்கிவிடலாம். அதனால் சிரைத்து முடித்ததும் காதைத் தலையோடு சேர்த்து அந்தத் துணிப்பட்டி.

இந்தப் பூடிலைத்தான் நாம் சொகுசுப் பொம்மையாக நினைக்கிறோம். ஜெர்மனியில் நீரில் விழுந்த வாத்துகளை மீட்க வளர்த்த வேலைக்கார இனம் இது. கண்காட்சிகளில் பார்க்கும் அந்த விசித்திர வெட்டுக்கும், நீந்தப் பின்பக்கம் சிரைத்து, மார்புக்கும் மூட்டுகளுக்கும் குளிருக்காக முடி விட்டதுதான் மூலம் என்பார்கள். பாரிஸில் சேன் நதிக்கரையில் நாய் சிரைப்பவர்கள், பெண்கள் உட்பட, 19ஆம் நூற்றாண்டில் தொழில் நடத்தியிருக்கிறார்கள். அதே நூற்றாண்டில் பூடிலின் முடியைச் சீவாமல் சடை சடையாகத் திரித்துத் தரை தொட விடுவதும் நாகரிகமாக இருந்தது. 1988இல் ஜான் சூட்டர் என்பவர் அலாஸ்காவின் இடிடரோட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் பூடில்களைப் பூட்டி ஓட்டினார், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஓட்டினார். பாதம் உறைந்தும் முடி சிக்கு பிடித்தும் நாய்கள் அவதிப்பட, வடதேச இனங்கள் மட்டும் என்று பின்னால் விதியே வந்துவிட்டது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "பனியில சீப்பு யார் புடிக்கறது?" என்றார்.

வேலை முடிந்த இடைவெளியில் மணிப்பூர் இளைஞர் தன் உள்ளங்காலைக் காட்டினார். வெட்டிய முடி ஊசியாகத் தோலுக்குள் இறங்கிவிடும், சீழ் வைக்கும். மனிதர்களுக்கு முடி வெட்டுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அக்காவுக்கு மணிக்கட்டு வலி, இரவில் விரல் மரத்துப் போகிறது. இந்த வலிகளைவிட இன்னொன்றைத் தாழ்ந்த குரலில் சொன்னார். சொந்தக்காரர்களிடம் நாய் ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறார். முடி வெட்டுகிற கையைப் பற்றி நம் ஊர் என்ன நினைக்கும் என்று அவருக்குத் தெரியும். அதுவும் நாய்க்கு என்றால். அழகு நிலையத்தில் இருந்தபோது இந்தப் பொய் தேவைப்படவில்லை.

மாலையில் உரிமையாளர் திரும்பி வந்தார். பிஸ்கட் பாதியாக மெலிந்து, காது முண்டாசோடு, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, குளிர் தாங்குமா என்று கேட்டார்.

"மெட்ராஸ்லயா சார்?"

"பெட்ரூம்ல ஏசி பதினெட்டுல இருக்கும்."

"அப்ப ராத்திரிக்கு ஒரு பருத்திச் சட்ட போடுங்க. காலையில கழட்டிடுங்க. முடி வளர ஆரம்பிச்சதும் அதையும் நிறுத்திடுங்க, சட்ட உரசற எடத்துலதான் முதல் சிக்கு விழும்." ஓர் எஃகுச் சீப்பை அவர் கையில் கொடுத்து, அதற்கும் சேர்த்துப் பில் போட்டார். பிறகு நோட்டைத் திறந்து நாலு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமையில் பிஸ்கட்டின் பெயரை எழுதினார். "முடி இல்லியேன்னு வராம இருந்துடாதீங்க. அப்பதான் வரணும்."